புகை எழுதும் பிழை

கரையான்சாவடிப் பேருந்து நிறுத்தத்தில் காத்திருப்போரின் மூச்சில் இருவகைப் புகை கலக்கிறது. ஒன்று, பூந்தமல்லி நெடுஞ்சாலையில் விரையும் ஊர்திகளின் புகை. மற்றொன்று, அருகில் நிற்பவரின் பீடிப்புகை. கரிமப் பொருள்கள் முழுமையாக எரியாதபோது உண்டாகும் பென்சோபைரீன் இரண்டிலும் உண்டு. ஊர்திப்புகை காற்றில் பரவி நீர்த்த பின்னரே நம்மை அடைகிறது. பீடி பிடிப்பவரோ அதனைச் செறிவு குறையாமல் நுரையீரலுக்குள் இழுத்துக்கொள்கிறார்.

பென்சோபைரீன் தன்னளவில் டி.என்.ஏ.வுடன் பிணையும் ஆற்றல் அற்றது என்பது வியப்புக்குரியது. ஐந்து வளையங்கள் இணைந்த இம்மூலக்கூறு நீரில் கரைவதில்லை. ஆதலால் உடல் அதனை எளிதில் வெளியேற்ற இயலாது. அதனைக் கரையச் செய்யும் பொருட்டு நொதிகள் ஆக்சிஜனைச் சேர்க்கின்றன. அப்போது இடைப்பொருளாக எப்பாக்சைடு என்னும் வினைத்திறன் மிக்க வடிவம் தோன்றுகிறது. தூய்மை செய்யப் புகுந்த உடலே நஞ்சுக்குக் கூர்தீட்டித் தருகிறது எனலாம். அவ்வடிவம் செல்லின் உட்கருவை அடைந்து, டி.என்.ஏ.வின் நான்கு காரங்களுள் ஒன்றான குவானைனுடன் சகப்பிணைப்பால் இறுகப் பிணைகிறது.

இவ்வொட்டை வெட்டி நீக்கும் நொதிகளும் செல்லில் உள்ளன. அவை பணியை முடிக்குமுன் டி.என்.ஏ. இரட்டிப்படைந்தால், அவ்விடம் தவறாகப் படிக்கப்படுகிறது. குவானைன் இருந்த இடத்தில் தைமின் அமர்கிறது. இரு இழைகளும் பொருந்திவிட்ட பின்னர் அதனைப் பிழையென அறியச் செல்லுக்கு வழியில்லை.

பிழை விழும் இடமே நோயைத் தீர்மானிக்கிறது. பி53 என்னும் மரபணு, பழுதுற்ற செல் பெருகாமல் தடுப்பது. அதன் 157, 248, 273 ஆம் குறியீட்டு இடங்களில் பென்சோபைரீனின் எப்பாக்சைடு மிகுதியாக ஒட்டுவதை 1996இல் வெளியான ஆய்வு காட்டியது. நுரையீரல் புற்றுக்கட்டிகளில் பி53 பெரிதும் சிதைந்திருப்பதும் அவ்விடங்களிலேதான்.

மெல்லும் புகையிலையில் புகை இல்லை; எனினும் அதனைப் பதப்படுத்தும்போது உருவாகும் நைட்ரோசமைன்கள், உடலில் மாற்றமடைந்து குவானைனில் மீத்தைல் தொகுதியை ஒட்டுகின்றன. வாய்ப்புற்றுநோய்க்கு இதுவும் ஒரு வாயில். தமிழ்நாட்டில் குட்காவுக்கு 2013இல் தடை விதிக்கப்பட்டது.

நாளொன்றுக்கு 20 சிகரெட்டு வீதம் ஓராண்டு புகைப்பவரின் ஒவ்வொரு நுரையீரல் செல்லிலும் ஏறத்தாழ 150 பிழைகள் சேர்வதாக 2016இல் கணக்கிடப்பட்டது. புகைப்பதைக் கைவிட்டோரை ஆராய்ந்த 2020ஆம் ஆண்டு ஆய்வோ, அவர்தம் மூச்சுக்குழாய்ச் செல்களில் 40 விழுக்காடு வரை, புகைக்காதோரின் செல்களை ஒத்திருக்கக் கண்டது. பழைய பிழைகள் திருத்தப்பட்டதால் அன்று. பழுதுறாமல் தப்பி ஒதுங்கியிருந்த சில செல்கள் பெருகி, சிதைந்தவற்றின் இடத்தைப் பிடித்திருக்கலாம் என ஆய்வாளர் கருதுகின்றனர்.