கட்டத்தில் எழுதுவது எண்ணா, எழுத்தா?

ரயில் முன்பதிவுப் படிவத்தில் வண்டி எண், தேதி, வயது என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் தலைப்பு உண்டு. தலைப்பே இல்லாத கட்டத்தில் ஒருவர் 16 என்று எழுதினால் அது வயதா, தேதியா? கணிப்பொறியின் தகவல் தளத்துக்கும் இதே சங்கடம் வருவதுண்டு. கணிப்பொறித் துறையில் பணிபுரியும் நம் பிள்ளைகளுக்கு இது பழகிய தொல்லை.

தகவல் தளத்திடம் கேட்கும் கேள்வியும் ஒரு படிவம்தான். "இந்த எண்ணுள்ள வண்டி எது?" என்று எண்ணின் இடத்தைக் காலியாக விட்டுக் கேள்வியை அனுப்புவார்கள். சப்தகிரி எக்ஸ்பிரஸின் 16057 போன்ற மதிப்பு தனியே போகும். விஷமிகள் மதிப்புக்குள் கட்டளையை ஒளித்து அனுப்பினாலும் அது கட்டளையாக இயங்காது என்பதே இம்முறையின் பெரும்பயன்.

காலியிடத்தின் வகையைச் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும்? போஸ்ட்கிரஸ் என்னும் தகவல் தளம் அண்டை அயலைப் பார்க்கும். வயதுப் பத்தியோடு ஒப்பிட்டால் எண் என்று கொள்ளும். பெயர்ப் பத்தியோடு ஒப்பிட்டால் எழுத்து என்று கொள்ளும். "இந்த இடம் வெறுமையா?" என்று மட்டும் கேட்டால் துப்புக் கிடைக்காது. அப்போது வகையைத் தீர்மானிக்க இயலவில்லை என்று பிழை காட்டி நின்றுவிடும். கொடுத்த மதிப்பை அப்படியே திருப்பித் தரச் சொன்னால், 2017இல் வெளிவந்த 10ஆம் பதிப்பு முதல் அதை எழுத்தாகவே கொள்கிறது.

வகை தவறினால் நஷ்டம் என்ன? திருப்பதியின் தொலைபேசிக் குறியீடு 0877, சித்தூருக்கு 08572. எண்ணாகக் கொண்டால் முன்னால் உள்ள சுழி போய்விடும். 2010 டிசம்பரில் வண்டி எண்கள் 5 இலக்கமானபோது சிறப்பு வண்டிகளுக்கு 0 முதல் இலக்கமாயிற்று. அதுவும் இப்படியே தொலையும். எழுத்தாகச் சேமித்த 0877ஐ 877 என்ற எண்ணோடு ஒப்பிடச் சொன்னால் போஸ்ட்கிரஸ் மறுத்துவிடும். மைஎஸ்க்யூஎல் இரண்டையும் எண்ணாக்கி ஒப்பிட்டு விடை தரும். ஆனால் அட்டவணையின் அகரவரிசைக் குறிப்பைப் பயன்படுத்த முடியாமல் எல்லா வரிகளையும் படிக்கும். லட்சக்கணக்கான வரிகள் இருந்தால் தாமதம் தெரியும்.

ஆகவே காலியிடத்தின் வகையைக் கேள்வியிலேயே எழுதிவிடுவது நல்லது. எண்ணா எழுத்தா என்று ஐயம் வந்தால் எளிய விதி ஒன்று உண்டு: கூட்டவோ கழிக்கவோ தேவையில்லாத எண்ணை எழுத்தாகவே வைக்கவேண்டும். வயதைக் கழித்துப் பார்ப்போம். தொலைபேசி எண்ணை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை.