நினைவகத்தில் வழியும் எழுத்துகள்

புனே நகரின் கிழக்கெல்லையில், முளா-முட்டா ஆற்றை அடுத்துள்ள கராடி முன்னர் ஒரு சிற்றூர். இன்று மென்பொருள் நிறுவனங்கள் நிறைந்த பகுதி. அங்குள்ள பொறியாளர் ஓர் இணையதளத்தின் பெயரைத் தட்டினாலும், நம் பள்ளியொன்றின் ஆசிரியர் தட்டினாலும், கணிப்பொறி அப்பெயரை எண் முகவரியாக மாற்றியாக வேண்டும். லினக்ஸ் கணிப்பொறிகளுட் பெரும்பாலானவற்றில் இத்தகைய பொதுவேலைகளைச் செய்வது 'ஜிலிப்சி' என்னும் நிரல் நூலகம். புனேயைத் தலைமையிடமாகக் கொண்ட சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும், டெபியனை அடிப்படையாகக் கொண்டதாகலின், இந்நூலகத்தையே நம்பியுள்ளது.

வரும் எழுத்துகளை வாங்கி வைக்க நினைவகத்தில் ஒதுக்கப்படும் இடத்துக்குப் பஃபர் என்று பெயர். வங்கிப் படிவமொன்றில் பெயருக்கென 20 கட்டங்கள் உள்ளன என்று கொள்வோம். 30 எழுத்துப் பெயரை எழுதினால், மிகுதி பத்தும் அடுத்துள்ள தொகைக் கட்டங்களில் விழும். எழுத்தர் அதனைக் கண்டு படிவத்தைத் திருப்பிவிடுவார். சி மொழி நிரலிலோ, அளவு பார்க்குமாறு எழுதியவர் கட்டளையிட்டாலன்றிப் பார்ப்பாரில்லை. அடுத்த இடத்தில், 'இனி எக்கட்டளைக்குச் செல்வது' என்ற குறிப்பு இருக்குமாயின், கெடுநோக்குடையோர் அதன்மேல் தமக்கு வேண்டியதை எழுதிக் கணிப்பொறியையே வசப்படுத்தக் கூடும். 1988 நவம்பரில் பரவிய மாரிஸ் புழு நுழைந்த வழிகளுள் இதுவும் ஒன்று. அங்கு வழிந்த பஃபரின் அளவு 512 பைட்டு.

2015 ஜனவரி 27 அன்று குவாலிஸ் நிறுவனத்தார் வெளியிட்ட 'கோஸ்ட்' குறை இவ்வகையினதே. ஜிலிப்சியில் பெயரை முகவரியாக்கும் பகுதி, தேவையான இடத்தைக் கணக்கிடுகையில், ஒரு சுட்டிக்குரிய இடத்தைக் கூட்ட மறந்திருந்தது. 32-பிட் கணிப்பொறியில் 4 பைட்டு, 64-பிட்டில் 8 பைட்டு, அதற்குமேல் வழிவதில்லை. அதுவும், தரப்படும் பெயர் இலக்கங்களும் புள்ளிகளுமாகவே அமைந்தால்தான். ஆயினும் எக்ஸிம் என்னும் அஞ்சல் நிரலைத் தொலைவிலிருந்து கைப்பற்ற அச்சிறு இடுக்கே போதுமென அவர்கள் செய்து காட்டினர்.

வியப்பு வேறொன்று. 2000-ஆம் ஆண்டில் வெளியான பதிப்பிலிருந்தே இருந்துவந்த இப்பிழை, 2013 மே மாதத்திலேயே திருத்தப்பட்டுவிட்டது. ஆனால் அது பாதுகாப்புக் குறையென எவரும் குறிக்கவில்லை. சாதாரணத் திருத்தமாகவே பதிவாயிற்று. ஆகவே, டெபியன் 7 முதலிய, நிலைப்பதிப்புகளைப் பேணுவோர் அதனைத் தம் பதிப்பில் சேர்க்காமலே இருந்தனர். மருந்து அலமாரியிலிருக்க, சீட்டு ஒட்டாமையால் நோய் நீடித்தது எனலாம்.

களப்பணியாளர் ஒன்றைக் கருத வேண்டும். நூலகத்தின் புதுப்பதிப்பை நிறுவிய பின்னும், முன்பே இயங்கிக்கொண்டிருக்கும் நிரல்கள் பழைய பிரதியையே நினைவகத்தில் வைத்திருக்கும். அவற்றை நிறுத்தி மீண்டும் தொடங்கினாலன்றித் திருத்தம் பயன் தாராது. எவை எவை என்று தெரியாதவிடத்துக் கணிப்பொறியையே மறுமுறை இயக்கிவிடுவது நன்று.