மன்னாரில் பெட்டி ஒளிக்க வேண்டாம்

2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில், அமெரிக்க ஜனாதிபதி கிளின்டனின் உத்தரவின்படி ஒரு மாற்றம் நடந்தது. பொதுமக்கள் பயன்படுத்தும் ஜீபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழை நீக்கப்பட்டது. அதுவரை நூறு மீற்றர் வரை பிசகிக்கொண்டிருந்த கையடக்கக் கருவி, பத்து இருபது மீற்றருக்குள் இடத்தைச் சொல்லத் தொடங்கியது. இரண்டொரு நாளுக்குள் ஒரிகன் மாநிலத்தில் டேவ் அல்மர் என்பவர் சில சின்னப் பொருட்களைப் போட்டு ஒரு வாளியைக் காட்டோரம் ஒளித்து வைத்தார்; அது இருக்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் அறிவித்தார். தேடிக் கண்டுபிடிப்பவர் உள்ளேயிருக்கும் குறிப்பேட்டில் பெயர் எழுதி, ஒன்றை எடுத்து, ஒன்றை வைத்துவிட்டு வரவேண்டும். ஜியோகேச்சிங் பிறந்தது இப்படித்தான். இன்று உலகெங்கும் முப்பது இலட்சத்துக்கும் அதிகமான பெட்டிகள் ஒளிந்திருக்கின்றன. இலங்கையிலும் இந்த விளையாட்டு உண்டு. பிள்ளைகளைக் கைத்தொலைபேசித் திரையிலிருந்து கிளப்பி வெயிலில் நடக்க வைக்கும் நல்ல பொழுதுபோக்கு இது. இலண்டனிலோ ரொறன்ரோவிலோ இதைப் பழகிய குடும்பம், விடுமுறைக்கு ஊர் வரும்போது இதையும் கூடவே கொண்டுவருவது இயல்பு.

ஆனால் தேடுபவர் எப்படித் தேடுகிறார் என்று கவனியுங்கள். கருவி சில மீற்றர் தூரத்துக்குள் கொண்டுபோய் விட்டுவிடும். கடைசிப் பத்து அடியைக் கையால்தான் தேட வேண்டும்: கல்லைப் புரட்ட வேண்டும், மரப்பொந்துக்குள் கையை விட வேண்டும், பாலத்துக் கம்பிகளுக்கு அடியில் தடவிப் பார்க்க வேண்டும். விளையாடாதவர் கண்ணில் படாமல் இதைச் செய்வதே கெட்டித்தனம் என்பது ஆடுபவர்களின் வழக்கம். தண்ணீர் புகாது என்பதற்காக அவர்கள் விரும்பி வாங்கும் கலங்களில் ஒன்று, இராணுவம் கழித்துவிட்ட பழைய தோட்டாப் பெட்டி. கறுப்பு நாடா சுற்றிய சிறு குழாய்களையும் டப்பாக்களையும்கூட ஒளித்து வைப்பார்கள். 2011இல் இங்கிலாந்தின் வெதர்பி நகரில் ஒரு கடைவாசலில் ஒருவர் எதையோ ஒளித்ததைக் கண்டவர்கள் பொலிஸாருக்கு அறிவிக்க, தெரு மூடப்பட்டு, இராணுவத்தின் வெடிகுண்டுப் பிரிவு வந்து அந்தப் பெட்டியை வெடிக்க வைத்து அழித்தது. போர் நடந்து பல தலைமுறை கடந்த ஊரிலேயே இந்த நிலை.

மன்னார் அப்படிப்பட்ட ஊர் அல்ல. 2007, 2008ஆம் ஆண்டுகளில் அடம்பனிலிருந்து விடத்தல்தீவு வரை போர்முனை நகர்ந்த நிலம் இது. வன்னியில் இராணுவம், புலிகள் என இரு தரப்பும் மிதிவெடி புதைத்தன. விடுதலைப் புலிகள் சொந்தமாகச் செய்த ‘ஜொனி’ மிதிவெடி, பார்வைக்கு ஒரு சின்ன மரப்பெட்டிதான். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைப் பார்த்தே ஒரு தலைமுறைப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்வந்தார்கள். 2002 முதல் இலங்கையில் இயங்கும் மாக் என்ற பிரித்தானிய நிறுவனம் மன்னார் மாவட்டத்திலும் மிதிவெடி அகற்றிவருகிறது. முழந்தாளிட்டு, விரற்கடை விரற்கடையாக மண்ணைக் கிளறும் அந்த வேலையைச் செய்பவர்களில் கணிசமானோர் இந்த மண்ணின் பெண்கள். 2017 டிசெம்பரில் ஒட்டாவா உடன்படிக்கையில் இணைந்த இலங்கைக்கு, நாட்டை முழுதாகத் துப்புரவாக்க விதிக்கப்பட்ட கெடு 2028 ஜூன் 1. மிதிவெடிக்கு நடுவே வாழ்ந்த மக்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்ட பாடம் மிகச் சுருக்கமானது: தெரியாத பொருளைத் தொடாதே, திறக்காதே, வந்த வழியே திரும்பு, பெரியவர்களுக்குச் சொல். விளையாட்டோ தேடு, கையை விடு, திற, யாருக்கும் காட்டாதே என்கிறது. இவற்றில் ஒன்றைப் பழகும் பிள்ளை மற்றதை மறக்க நேரும். ஆகவே பற்றைக்குள் ஒரு பெட்டியைக் கண்டதும் மன்னார்க் கிராமத்தவர் முகம் மாறுவதை அறியாமை என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அது உயிரையும் காலையும் விலையாகக் கொடுத்துப் பெற்ற அறிவு.

இன்னொரு சந்தேகமும் இந்தக் கரையில் இருக்கிறது. அது கடலோடு வந்தது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் சுமார் முப்பது கிலோமீற்றர்தான். கேரளக் கஞ்சா, பீடி இலை, மஞ்சள் எல்லாம் அங்கிருந்து வருகின்றன. தங்கம் இங்கிருந்து போகிறது. 2023 மே கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலுமாக மண்டபம் கடலில் இந்திய அதிகாரிகள் 32 கிலோவுக்கும் மேற்பட்ட தங்கத்தைப் பிடித்தார்கள். அதில் ஒரு பகுதி கடலில் வீசப்பட்டு, சுழியோடிகள் அடியில் தேடி எடுத்தது. மன்னாருக்குத் தெற்கே, வனாத்தவில்லுவில், 2019 ஜனவரியில் பெருந்தொகை வெடிமருந்து அகப்பட்டது. மூன்று மாதத்தில் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் நடந்தது. புதையல் தோண்டுவோருக்கு எதிராக 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டம் வேறு இருக்கிறது. இந்தப் பின்னணியில், ஆளில்லாத கரையில் எண்களைப் பார்த்துப் பார்த்து மணலைக் கிளறும் ஒருவரைக் கடற்படை நிறுத்தி விசாரிப்பதில் வியப்பில்லை. விசாரணை எல்லோர் மீதும் ஒரே பாரமாக விழாது என்பதே என் கவலை. வெளிநாட்டு உல்லாசப் பயணி விளக்கம் சொல்லிச் சிரித்துவிட்டுப் போகலாம். 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் நிழலிலே வளர்ந்த உள்ளூர்த் தமிழ், முஸ்லிம் இளைஞனுக்கு அந்த விளக்கம் போதுமா? பொருளைச் சந்தேகிக்கும் மக்களின் அச்சம் மதிக்கத்தக்கது. ஆளைப் பார்த்துச் சந்தேகிக்கும் அரசின் பழக்கத்தைக் கேள்வி கேட்டே ஆகவேண்டும். இரண்டையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது.

இதற்கு மறுப்பு உண்டு. மன்னார்க் கோட்டையிலும் பள்ளிமுனைப் பெருக்க மரத்தடியிலும் நாள்தோறும் ஆட்கள் உலாவுகிறார்கள், அங்கே பெட்டி வைத்தால் என்ன ஆபத்து என்று கேட்கலாம். அந்த இடத்தில் ஆபத்து இல்லைதான். ஆனால் கோட்டைச் சுவரில் ஒரு கல்லைப் புரட்டி விளையாட்டுப் பொம்மை எடுத்த பிள்ளை, நாளை பெருநிலப் பக்கம் உறவினர் தோட்டத்தில் இன்னொரு கல்லைப் புரட்டாது என்று யார் உறுதி சொல்வது? போர் முடிந்து இத்தனை ஆண்டாகியும் பயந்துகொண்டே இருப்பதா, பயணிகள் வரவேண்டாமா என்பது இரண்டாவது மறுப்பு. வரவேண்டும், அதற்கு வழியை இந்த விளையாட்டே வைத்திருக்கிறது. பெட்டியே இல்லாத வகைகள் அதில் உண்டு. 2004இல் தொடங்கிய ‘எர்த்கேச்’ என்ற வகையில், ஓரிடத்தின் நிலவியலைப் போய்ப் பார்த்து, கேட்ட கேள்விக்கு விடை எழுதினால் போதும். எதையும் ஒளிப்பதில்லை, கிளறுவதில்லை.

அதற்கு மன்னாரைப் போல வாய்ப்பான இடம் குறைவு. காற்றும் நீரோட்டமும் இடம் மாற்றிக்கொண்டே இருக்கும் இராமர் அணையின் மணல் தீடைகளை அனுமதியோடு போய்ப் பார்த்தால், ஒரு பாடப்புத்தகமே கண்முன் விரியும். அரிப்பு என்ற ஊரில் ஆளுநர் பிரெடரிக் நோர்த் 1804 வாக்கில் கட்டி முடித்த மாளிகையை ஊரார் அல்லிராணிக் கோட்டை என்பார்கள். முத்துக்குளிப்பை மேற்பார்வையிட எழுப்பிய அந்தக் கட்டடத்தைக் கடல் கரையோடு சேர்த்துத் தின்றுகொண்டிருக்கிறது. சுவருக்கும் அலைக்கும் இடையே எத்தனை அடி மிச்சமிருக்கிறது என்று அளந்து எழுதச் சொன்னால், பிள்ளைக்கு எந்தப் பொம்மையும் தராத கண்டுபிடிப்பு அது. பள்ளிமுனை மரத்தின் சுற்றளவு 19 மீற்றருக்கும் மேல். எத்தனை பேர் கைகோத்தால் அணைக்கலாம் என்பதும் ஒரு கேள்விதான். இவற்றைக் காட்ட உள்ளூர் இளைஞர் கூடவே நடந்தால், யாரும் யாரையும் ஒளிந்திருந்து பார்க்க வேண்டியதில்லை.

விடுமுறைக்கு மன்னார் வரும் உறவுகளே, பெட்டி ஒளிக்காதீர்கள். போகுமிடத்தைக் கிராம அலுவலரிடம் சொல்லிவிட்டு, பழகிய பாதையில் போங்கள். வழியில் யாரோ வைத்த பெட்டி கண்ணில் பட்டால், அது விளையாட்டுப் பெட்டிதான் என்று உங்களுக்கு எவ்வளவு நிச்சயமாகத் தோன்றினாலும் தொடாதீர்கள், பொலிஸாருக்குச் சொல்லுங்கள்.