பணியிட மாற்றமும் பணியாளர் பங்கேற்பும்: ஹார்வுட் ஆய்வை முன்வைத்து

மேலாண்மையியல் நூல்களில் 'மாற்றத்திற்கு எதிர்ப்பு' என்னும் தொடர் ஒரு நோயின் பெயரைப் போல வழங்கி வருகிறது. புதிய இயந்திரமோ கணினி முறையோ பணிப்பகிர்வோ வரும்போது பணியாளர் தயங்குவர். அறியாமையும் பழக்கத்தின் பிடியும் அச்சமுமே அதற்குக் காரணம். விளக்கக் கூட்டமும் பயிற்சியும் அளித்தால் அது தீரும் என்பது அந்நூல்களின் பொதுப்போக்கு. இத்தொடரை ஆய்வுலகில் நிலைபெறச் செய்த கட்டுரையோ வேறொன்றைச் சொல்கிறது. லெஸ்டர் கோச், ஜான் ஃபிரெஞ்ச் ஆகிய இருவரும் 1948இல் 'ஹியூமன் ரிலேஷன்ஸ்' இதழில் வெளியிட்ட அக்கட்டுரை மிகுதியாக மேற்கோள் காட்டப்படுகிறது. அந்த அளவிற்கு அதன் விவரங்கள் கருதப்படுவதில்லை. விளக்கம் தருவதும் பங்கேற்பு அளிப்பதும் ஒன்றல்ல என்பதை அவ்விவரங்களே காட்டுகின்றன.

ஆலையும் சிக்கலும்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் மேரியன் என்னும் சிற்றூரில் இருந்தது ஹார்வுட் நிறுவனத்தின் பைஜாமா ஆலை. ஏறத்தாழ 500 பெண்களும் 100 ஆண்களும் அங்குப் பணிபுரிந்தனர். பெரும்பாலோர் சுற்றியிருந்த மலைப்பகுதிகளிலிருந்து வந்தவர்கள், ஆலைத்தொழிலுக்குப் புதியவர்கள். திருப்பூரில் 'பீஸ் ரேட்' என வழங்கும் துண்டுக்கூலி முறையே அங்கும் இருந்தது. ஒவ்வொரு வேலைக்கும் நேர ஆய்வின்வழி ஓர் அளவு வகுக்கப்பட்டது. மணிக்கு 60 அலகு என்பது எதிர்பார்க்கப்பட்ட திறன்.

வேலை மாற்றப்பட்ட அனுபவசாலிகளில் 38 விழுக்காட்டினரே மீண்டும் 60 அலகை எட்டினர். ஏனையோர் குறைந்த அளவிலேயே தங்கினர் அல்லது வேலையை விட்டு விலகினர். மீண்டவர்களுக்கும்கூடப் புதிதாகச் சேர்ந்தவர் அவ்வேலையைக் கற்க எடுத்துக்கொண்டதைவிட நீண்ட காலம் பிடித்தது. பழைய கைப்பழக்கம் புதிய வேலைக்குக் குறுக்கே நின்றது என இதை எளிதாக விளக்கிவிடலாம். ஆய்வாளர்கள் அவ்விளக்கத்தை ஏற்கவில்லை. சிக்கல் கையில் இல்லை, மனத்தில் இருக்கிறது எனக் கருதினர். அதிலும் தனிமனத்தில் மட்டுமன்றிக் குழுவின் மனத்தில் இருக்கிறது எனக் கொண்டனர். கர்ட் லெவினின் கருத்துமரபில் வந்தவர்கள் என்பதால் இப்பார்வை அவர்களுக்கு இயல்பாக வாய்த்தது. நிறுவனத்தின் தலைவர் ஆல்ஃபிரட் மேரோவும் ஓர் உளவியலாளரே.

அட்டையிலிருந்து பெட்டிக்கு

ஆய்விற்கு எடுத்துக்கொள்ளப்பட்ட மாற்றங்கள் மிகச் சிறியவை. ஒப்பீட்டுக் குழுவில் 18 பேர் இருந்தனர்; இஸ்திரி போடுவது அவர்கள் வேலை. முடித்த ஆடைகளை அரை டசன் அரை டசனாக ஓர் அட்டையின்மேல் அடுக்கி வந்தவர்கள், இனி அதே அளவுள்ள பெட்டியில் அடுக்க வேண்டும். பெட்டி வைக்கப்பட்டதும் அட்டை இருந்த அதே இடத்தில்தான். இதற்கென ஒரு டசனுக்கு இரண்டு நிமிடம் கூடுதலாகவும் கணக்கிடப்பட்டது.

இக்குழுவிற்கு எதுவும் மறைக்கப்படவில்லை என்பது கவனிக்கத்தக்கது. கூட்டம் கூட்டப்பட்டது, சந்தைப் போட்டியால் மாற்றம் தேவையாயிற்று எனக் கூறப்பட்டது, நேர ஆய்வாளர் புதிய கூலிக் கணக்கை விளக்கினார், கேள்விகளுக்கு விடையளிக்கப்பட்டது. இன்றைய நிறுவனங்கள் பல 'மாற்ற மேலாண்மை' என்ற பெயரில் செய்வது பெரும்பாலும் இவ்வளவே. இதன் பின்னும் குழுவின் உற்பத்தி சரிந்து, மீளாமலே நின்றது. மேற்பார்வையாளரோடு மோதல்கள் எழுந்தன. முதல் நாற்பது நாளில் 17 விழுக்காட்டினர், அதாவது மூவர், வேலையை விட்டனர். புதிய கூலி குறைவு என்று முறையீடு வந்தது. கணக்கைச் சரிபார்த்தபோது அது தொழிலாளருக்குச் சற்றுச் சாதகமாகவே இருந்தது தெரியவந்தது. குறை கூலியில் இல்லை; அதை முடிவு செய்த முறையில் இருந்தது எனலாம்.

முதல் ஆய்வுக் குழுவில் ஆடை மடிப்போர் 13 பேர். அவர்கள் முன் ஒரே வகையான இரண்டு ஆடைகள் வைக்கப்பட்டன. ஒன்று மற்றதைப் போல் இரு மடங்கு விலைக்கு விற்றது. குறைந்த விலை ஆடை எது என அவர்களால் சொல்ல இயலவில்லை. செலவுக்குறைப்பின் தேவை இவ்வாறு அவர்கள் கண்முன்னே நின்றது. தேவையற்ற அலங்கார வேலைகளை நீக்கலாம் என அவர்களே உடன்பட்டனர். குழுவின் சார்பாகச் சிலர் தேர்வாகி, புதிய முறையை வகுப்பதிலும் கூலியைக் கணக்கிடுவதிலும் பங்குகொண்டனர். 'நம் வேலை', 'நம் கூலி' என்று அவர்கள் பேசத் தொடங்கியதை ஆய்வாளர்கள் குறித்துள்ளனர். பதினான்கு நாளில் மணிக்கு 61 அலகை எட்டியது இக்குழு.

ஆடைகளைச் சரிபார்ப்போர், திருப்பூர் வழக்கில் 'செக்கிங்' செய்வோர், எட்டுப் பேரும் ஏழு பேருமாக இரண்டு சிறு குழுக்களாக இருந்தனர். இங்குப் பிரதிநிதிகள் இல்லை. அனைவரும் நேரடியாகப் பங்கேற்றனர். அவர்கள் சொன்ன யோசனைகளை எழுதிக்கொள்வதற்கே சுருக்கெழுத்தாளர் திணறினார். இரண்டாம் நாளிலேயே பழைய அளவை எட்டிய இக்குழுக்கள் பின்னர் அதைவிட ஏறத்தாழ 14 விழுக்காடு மேலே சென்றன. ஆய்வுக் குழுக்கள் மூன்றிலும் முதல் நாற்பது நாளில் எவரும் விலகவில்லை.

அதே பதின்மூவர்

இவை வெவ்வேறு மனிதர்கள். ஒப்பீட்டுக் குழுவில் முரண்டு பிடிப்போர் தற்செயலாகச் சேர்ந்திருக்கலாம் என ஐயுறலாம். அவ்வையத்திற்கு ஆய்விலேயே விடை உள்ளது. ஒப்பீட்டுக் குழு கலைக்கப்பட்டு, இரண்டரை மாதம் கழித்து, எஞ்சியிருந்த பதின்மூவரும் மீண்டும் ஒன்றுசேர்க்கப்பட்டனர். ஒப்பத்தக்க கடினமுடைய வேறொரு வேலைக்கு அவர்கள் மாற்றப்பட்டபோது, இம்முறை முழுப் பங்கேற்பு அளிக்கப்பட்டது. அவர்கள் விரைந்து மீண்டனர். 19 நாள் வரை ஒருவரும் விலகவில்லை. முன்பு 'எதிர்ப்பாளர்' எனத் தோன்றியவர்கள் இவர்களே. ஆய்வின் உயிர்ப்பகுதி இது. பாடநூல் சுருக்கங்களில் முதலில் விடுபடுவதும் இதுவே.

மறுப்புகள்

இவ்வாய்வு குறையற்றதன்று. குழுக்கள் சிறியவை, அவற்றின் வேலைகளும் ஒன்றல்ல. 1981இல் அதே இதழில் எழுதிய பார்ட்லெம், லாக் ஆகியோர், பங்கேற்பைவிடக் கூலியின் நியாயம் பற்றிய உணர்வும் பயிற்சி முதலிய வேறுபாடுகளும் முடிவுகளை விளக்கக்கூடும் என வாதிட்டனர். புறந்தள்ள முடியாத வாதம் இது. ஆயினும் தம் கூலி எவ்வாறு கணக்கிடப்பட்டது என்பதை உடனிருந்து கண்டவருக்கு அது நியாயமாகத் தோன்றியது என்றால், பங்கேற்பின் வேலையே அதுதான் எனவும் கொள்ளலாம்.

நார்வே நாட்டுக் காலணி ஆலையொன்றில் ஃபிரெஞ்ச், இஸ்ரேல், ஓஸ் ஆகியோர் நடத்தி 1960இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் முக்கியமானது. அங்குப் பங்கேற்ற குழுக்களுக்கும் ஏனையவற்றிற்கும் உற்பத்தியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. பங்கேற்பிற்கு விடப்பட்ட முடிவுகள் உற்பத்தியோடு நெருங்கிய தொடர்பற்றவை என்பதை ஆய்வாளர்களே ஒரு காரணமாகக் கூறினர். திரைச்சீலையின் நிறத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிவிட்டுப் பணிச்சுமையை மேலிருந்து வகுக்கும் அலுவலகங்களுக்கு இது பொருந்தும்.

இந்தியச் சூழல்

இந்தியாவில் 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தின் 9ஏ பிரிவு, பட்டியலிடப்பட்ட பணிநிலைகளை மாற்றுமுன் தொழிலாளர்க்கு அறிவிப்புத் தரவேண்டும், 21 நாளுக்குள் மாற்றத்தைச் செயற்படுத்தலாகாது என்றது. ஆட்குறைப்பிற்கு இடந்தரக்கூடிய தொழில்நுட்ப மேம்பாடும் அப்பட்டியலில் இருந்தது. தொழிலாளர்க்கு இது அரிய காப்பாக இருந்தது. ஆயினும் ஹார்வுட் ஆய்வின் நோக்கில், இப்பிரிவு தந்தது அறிவிப்பே, பங்கேற்பு அன்று. இருதரப்பு உடன்பாட்டின்படி மாற்றம் நிகழ்ந்தால் அறிவிப்புத் தேவையில்லை எனவும் அப்பிரிவு சொன்னது. கலந்துபேசி முடிவெடுக்கும் வழியைச் சட்டம் திறந்தே வைத்தது. அவ்வழியில் நடத்தல் நிர்வாகத்தின் விருப்பமாக நின்றது.

அவ்வாறு நடந்ததற்கு அகமதாபாத் காலிகோ ஆலை சான்று. 1950களின் தொடக்கத்தில் அங்குத் தானியங்கித் தறிகள் வந்தன. நேர ஆய்வின்படி பணிகள் கூறுபோடப்பட்டு, ஒவ்வொருவருக்கும் ஒரு கூறு ஒதுக்கப்பட்டது. எதிர்பார்த்த பயன் விளையவில்லை. லண்டன் டேவிஸ்டாக் நிறுவனத்தைச் சேர்ந்த ஏ.கே. ரைஸ், குறிப்பிட்ட தறிகளுக்குப் பொறுப்பேற்கும் சிறு குழுக்களை அமைக்கலாம் என நிர்வாகத்திடம் முன்வைத்தார். அக்கருத்து தறிக்கூடத்தை எட்டியதும் தொழிலாளர்கள் அதைத் தமதாக்கிக்கொண்டனர். யார் யாரோடு சேர்வது என்பதைத் தாங்களே முடிவுசெய்து குழுக்களை அமைத்தனர். தொடக்கத் தடுமாற்றங்களுக்குப் பின் உற்பத்தி உயர்ந்தது, பழுது குறைந்தது. இருபது ஆண்டுகளுக்கு முன் நடந்த மாற்றம் என்னவாயிற்று என்பதை எரிக் மில்லர் 1975இல் எழுதினார். ஒரு கூடத்தில் குழுமுறை 1970 வரை ஏறத்தாழ அப்படியே நீடித்திருந்தது. பிற இடங்களில் பணிகள் பழையபடி ஆளுக்கொரு கூறாகப் பிரிந்துவிட்டிருந்தன.