விளக்கடியில் கதிர் விடாத நெல்

மார்கழி பிறந்தால் ஒரு கேள்வி தவறாமல் வருகிறது. அதுவும் மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோயில், ஒரகடம் சாலையை ஒட்டிய கிராமங்களிலிருந்துதான் வருகிறது. "சம்பா நெல் வயல் முழுக்கத் தலை சாய்ந்துவிட்டது. கம்பெனி சுற்றுச்சுவர் ஓரத்தில் நாலைந்து சென்ட் மட்டும் கதிரே தள்ளாமல் பச்சையாக நிற்கிறது. ஒரே விதை, ஒரே உரம். இது என்ன நோய்?"

நோய் எதுவும் இல்லை. ராத்திரியில் வரப்பில் நின்று அண்ணாந்து பாருங்கள். சுவருக்கு அந்தப் பக்கம் கோபுர விளக்கு எரியும். அந்த வெளிச்சம் எதுவரை விழுகிறதோ, அநேகமாக அதுவரைதான் பயிர் பச்சையாக இருக்கும்.

நெல்லுக்குக் காலண்டர் கிடையாது. இரவின் நீளத்தை இலையால் அளந்து மாதத்தைத் தெரிந்துகொள்கிறது. நம் பகுதியில் ஆனி மாதப் பகல் ஏறக்குறைய 13 மணி நேரம், மார்கழிப் பகல் 11½ மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். நமக்கு அது பெரிதாகத் தெரியாது. பழைய சம்பா ரகங்களில் பலவும் அதைத் துல்லியமாகக் கண்டுகொள்ளும். இரவு போதிய அளவு நீண்டதும் இலையிலிருந்து குருத்துக்கு 'கதிர் கட்டு' என்று செய்தி போகிறது. விளக்கடியில் நிற்கும் பயிருக்கோ இரவே வரவில்லை. அதன் கணக்கில் இன்னும் ஆனி மாதம்தான்.

இப்படி ஒரு கடிகாரம் நெல்லுக்கு எதற்கு? ஏரிப்பாசனக்காரர்களுக்கு விடை எளிது. ஒரு வருடம் ஆடியில் மழை கிடைக்கும், ஒரு வருடம் ஆவணி கடைசிவரை இழுக்கும். எப்போது விதைத்தாலும் ஐப்பசி அடைமழையில் பூத்தால் மகரந்தம் கழுவிப்போய்ப் பதராகும். ரொம்பத் தள்ளிப் பூத்தால் ஏரி வற்றிவிடும். மழையின் வேகம் தணிந்த பிறகு பூத்து, தை மாதம் களத்துக்கு வந்த பயிரில்தான் அடுத்த வருடத்துக்கான விதை மிஞ்சியது. எத்தனையோ தலைமுறை இப்படியே கழிந்து, விதைப்பு முன்பின் ஆனாலும் அறுவடை அதிகம் மாறாத ரகங்கள் நம்மிடம் தங்கின. வடகிழக்குப் பருவமழையை நெல் விதைக்குள் எழுதி வைத்தது மாதிரி.

அதே நெல் வடக்கே போனபோது அந்த எழுத்து அழிந்தது. ஜப்பானின் வடகோடியில் உள்ள ஹொக்கைடோ தீவில் கோடைப் பகல் 15 மணி நேரத்தைத் தாண்டும். இரவு நீளட்டும் என்று காத்திருக்கும் நெல் அங்கே பூப்பதற்குள் குளிர் வந்து பயிரை முடித்துவிடும். ஆகவே பகல் நீளத்தைச் சட்டை செய்யாத செடிகளே அங்கே பிழைத்தன. மரபணுவில் கடிகாரம் பழுதானவை என்றே சொல்லலாம். இங்கே அப்படிப்பட்ட பழுது நட்டம், அங்கே அதுதான் பிழைக்கும் வழி. அந்த விதையை நம்மூரில் போட்டால் நன்றாகத் தூர் கட்டுவதற்கு முன்பே கதிர் எட்டிப் பார்த்துவிடும்.

1966-ல் பிலிப்பைன்ஸிலிருந்து வெளிவந்த ஐ.ஆர். 8 பல நாடுகளில் பரவியதற்குக் குட்டை உயரமும் உரம் தாங்கும் குணமும்தான் காரணம் என்று சொல்வார்கள். அது பகல் நீளத்தைப் பார்க்காது என்பதும் அதே அளவு முக்கியமான காரணம் என்பேன்.

வெள்ளத்திலும் இதே கதைதான். ஒடிசாவின் எஃப்.ஆர். 13ஏ, தண்ணீர் மூழ்கடித்தால் வளர்ச்சியை நிறுத்தி, சர்க்கரையைச் சேமித்து, இரண்டு வாரம் வரை மூச்சடக்கிக் கிடக்கும். வங்கதேசத்து ஆழ்நீர் நெல்லோ தண்ணீரோடு போட்டி போட்டு, ஒரே நாளில் 20 சென்டிமீட்டருக்கு மேலும் நீளும். ஒடிசாவில் வெள்ளம் வந்த வேகத்தில் வடியும். அங்கே மாதக்கணக்கில் நிற்கும். ஒன்றின் குணம் மற்றதன் ஊரில் உதவாது.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் உண்டு. திருத்துறைப்பூண்டி நெல் திருவிழா போன்ற இடங்களிலிருந்து நாட்டு ரக விதையை ஆசையோடு வாங்கி வருகிறோம். வாங்குங்கள், நல்ல விஷயம். ஆனால் பெயரையும் விலையையும் மட்டும் கேட்காமல், எந்த மண், எந்தப் பட்டம், மேட்டு நிலமா பள்ளமா என்றும் கேளுங்கள். நீண்டகாலச் சம்பா ரகத்தை நவரையில் தை கடைசியில் விதைத்தால், இளம்பயிர் வளர வளர இரவு குறுகிக்கொண்டே போகும். பயிர் ஆள் உயரம் வளரலாம், கதிரைப் புரட்டாசி, ஐப்பசிக்குப் பிறகுதான் பார்க்கலாம். அதுவரை வைக்கோலுக்கா தண்ணீர் கட்டுவது?

வெளியூர் விதையை முதல் வருடம் ஒரு சென்ட்டில் மட்டும் போடுங்கள். கால் கிலோ விதை போதும். பக்கத்திலேயே நம்மூர் ரகத்தையும் அதே நாளில் நாற்று விட்டு, கதிர் தள்ளிய தேதியைக் குறித்து வையுங்கள். அதிலிருந்து விதை எடுப்பதானால் இரண்டுக்கும் நடுவே 3 மீட்டர் இடைவெளி விடுங்கள். நாட்டு ரகத்தில் செடிக்குச் செடி சிறு வேறுபாடு இருக்கும். வருடா வருடம் நம் வயலில் நன்றாக வந்த செடிகளிலிருந்தே விதை எடுத்தால் அது மெல்ல நம் ஊருக்குப் பழகும். சான்று பெற்ற ஒட்டு ரகங்களில் அந்த வேறுபாடு மிகக் குறைவு, அதனால் அப்படிப் பழகும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

விளக்கோரத்துக்கு வருகிறேன். அந்தப் பச்சைப் பயிரை மற்றதோடு சேர்த்து இயந்திரத்தில் அறுக்காதீர்கள், பச்சை நெல் கலந்தால் மொத்த மூட்டைக்கும் ஈரப்பதம் ஏறி விலை குறையும். மாட்டுக்கு அறுத்துப் போடலாம். அடுத்த வருடம் அந்த ஓரத்தில் மட்டும் பகல் நீளத்தை அவ்வளவாகப் பார்க்காத கோ 51, ஏ.டி.டி. 43 போன்ற குறுகிய கால ரகங்களை, மற்ற பயிரோடு அறுவடைக்கு வருகிற மாதிரி பின்தள்ளி நடலாம். கம்பெனி நிர்வாகத்திடம் விளக்கை அணைக்கச் சொன்னால் காவலைக் காரணம் காட்டுவார்கள். வயல் பக்கம் ஒரு தகர மறைப்பு வைத்து வெளிச்சத்தைக் கீழ்நோக்கித் திருப்பச் சொல்லி, ஊராட்சி மூலம் எழுத்தில் மனு கொடுங்கள். புரட்டாசி பிறப்பதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும்; குருத்தில் கதிர் உருவாகத் தொடங்குவது அந்தச் சமயத்தில்தான்.