திரும்பாதவர்களின் கணக்கு

வந்தவரை எண்ணுவது எளிது. வாசலில் நின்றால் போதும், விரல்விட்டு எண்ணிவிடலாம். வராதவரை எண்ணுவதற்கு அறிவு வேண்டும். அறிவோடு அக்கறையும் வேண்டும். ஆளுவோரிடம் பல வேளைகளில் காணாமற்போவது இந்த அக்கறைதான்!

தோழர்களே, இது வெறும் தத்துவப் பேச்சல்ல. கணித உலகம் ஒப்புக்கொண்ட உண்மை.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படையினர் ஒரு சிக்கலில் மாட்டிக்கொண்டனர். குண்டுவீசச் சென்ற விமானங்கள் உடலெல்லாம் துளைபட்டுத் திரும்பின. கவசம் போடவேண்டும். ஆனால் முழுவதும் கவசம் போர்த்தினால் விமானம் எழும்பாது. எந்தப் பாகத்துக்குப் போடுவது? துளை அதிகமுள்ள இடத்துக்குப் போடு என்றுதான் எவரும் சொல்வர். ஆபிரகாம் வால்ட் அப்படிச் சொல்லவில்லை.

யார் இந்த வால்ட்? இன்று ருமேனியாவில் உள்ள குளூஜ் நகரில் 1902-ல் பிறந்தவர். யூதர் என்பதால் வியன்னாவில் பல்கலைக்கழகப் பதவி மறுக்கப்பட்டவர். 1938-ல் அமெரிக்கா சேர்ந்தார். ஐரோப்பாவில் விட்டுவந்த குடும்பத்தாரில் பெரும்பாலோரை நாஜிகள் கொன்றனர். திரும்பி வராதவரின் கணக்கு எத்தகையது என்பதை அவருக்கு எவரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை!

நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் புள்ளியியல் குழுவில் இருந்துகொண்டு 1943-ல் அவர் எழுதிய குறிப்புகளில் ஒரு கற்பனைக் கணக்கு வருகிறது. 400 விமானங்கள் போகின்றன, 380 திரும்புகின்றன. அவற்றில் 320-ல் ஒரு துளையும் இல்லை. ஓர் அடி வாங்கியவை 32. இரண்டு அடி 20. மூன்று அடி 4. நான்கு அடி 2. ஐந்து அடி 2. திரும்பிய விமானங்களில் காணும் அடிகள் மொத்தம் 102. சாதாரண அதிகாரி இந்த 102-ஐ எண்ணிக் கோப்பை மூடிவிடுவார். வால்ட், வராத 20 விமானங்களையும் கணக்கில் சேர்த்தார். அவை அடிபட்டே வீழ்ந்தன, ஒவ்வோர் அடியும் ஒரே அளவு ஆபத்தானது என்று வைத்துக்கொண்டால், ஓர் அடி விமானத்தை வீழ்த்தும் வாய்ப்பு நூற்றுக்குச் சுமார் 15 என்று காட்டினார். பிறகு எஞ்சின், உடற்பகுதி, எண்ணெய்க்கலம் என்று பாகம் பாகமாகப் பிரித்தும் கணக்கிடும் வழியைச் சொன்னார்.

இதன் சாரம் எளிது. திரும்பிய விமானத்தில் துளை இருக்கிறதா? அங்கே அடிபட்டும் அது பிழைத்தது என்று பொருள். எஞ்சினில் துளையே காணவில்லையா? எஞ்சினில் அடிபட்டவை வீடு வந்து சேரவில்லை என்று பொருள்! எனவே கவசம் தேவைப்படுவது துளை காணாத இடத்துக்கு.

அந்த மேதை இந்திய அரசின் அழைப்பில் சொற்பொழிவுப் பயணம் வந்தார். 1950 டிசம்பரில், நம் நீலகிரி மலையில் விமானம் மோதி, மனைவியோடு மாண்டார். வராத விமானத்தின் கணக்கைப் போட்டவர், வராத விமானத்திலேயே போனார்.

வாகனம் பிழைப்பது ஒரு பாதி. அதை ஊரோடு இணைக்கும் செய்தித் தொடர்பு பிழைப்பது மறுபாதி. இதை ஆராய்ந்தவர் பால் பாரன், அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் பணியாற்றியவர். அணுகுண்டு விழுந்தாலும் அறுந்துபோகாத தொடர்பு எப்படி இருக்கவேண்டும் என்பது அவர் கேள்வி. 1964-ல் வெளியான அவருடைய ஆய்வு சொன்ன விடை: எல்லாக் கம்பியும் ஒரு நடுநிலையத்தில் போய்ச் சேர்ந்தால், அந்த ஒன்று வீழ்ந்ததும் எல்லாம் ஊமையாகும். ஒவ்வொரு நிலையமும் அக்கம்பக்கத்து மூன்று நான்கு நிலையங்களோடு இணைந்திருந்தால், பல நிலையங்கள் அழிந்தாலும் செய்தி சுற்றிச்சுற்றிப் போய்ச் சேரும். நம் மீனவத் தோழருக்கு இதை விளக்கவே வேண்டாம். வலையில் ஒரு கண் அறுந்தால் வலை முழுதும் போய்விடுகிறதா?

அந்த வலையை வீசுகிறவனுக்கு நாடு என்ன வலை பின்னிக் கொடுத்தது?

2017 நவம்பர் 30. ஒக்கிப் புயல். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி — இந்த ஊர்க்காரர்கள் கரையோரம் வலை போட்டுவிட்டு மாலையில் வீடு திரும்புகிறவர்கள் அல்லர். வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்குகிறவர்கள். கைபேசி அங்கே எட்டாது. படகிலுள்ள வி.எச்.எப். வயர்லெஸ் சில பத்து கிலோமீட்டரோடு நின்றுவிடும். எச்சரிக்கை கொடுத்தோம் என்றது சர்க்கார். யாருக்குக் கொடுத்தது? கரையில் இருந்தவர் கேட்டார், பிழைத்தார். நாள் பல முன்பே கடலேறியவர் கேட்கவில்லை. கேட்டவரை மட்டும் விசாரித்து, எச்சரிக்கை போய்ச் சேர்ந்தது என்று எழுதுவது, திரும்பிய விமானத்தின் துளையை மட்டும் எண்ணுவதல்லவா?

புயலுக்குப் பின் கருவிகள் வந்தன, மறுக்கவில்லை. 2019 அக்டோபரில் ஜெமினி வந்தது. எச்சரிக்கையைப் படகுக்குச் சொல்லும். படகுக்காரன் பதில் சொல்ல அதில் வழியில்லை. அபாயச் செய்தி அனுப்பும் கருவியை இஸ்ரோ முன்பே செய்திருந்தது. ஆனால் செய்தி போய்ச் சேர்ந்ததா என்று தத்தளிப்பவனுக்கு அந்தப் பழைய கருவி சொல்லாது. ஒன்றுக்கு வாயில்லை, மற்றொன்றுக்குக் காதில்லை! இருவழியும் பேசும் கருவியை ஒரு லட்சம் படகுகளில் பொருத்தும் 364 கோடி ரூபாய்த் திட்டம் 2024 ஆகஸ்டில்தான் தொடங்கப்பட்டது. காணாமற்போனவர் இறந்தவராகக் கருதப்பட, பொதுவில் சட்டம் விதிக்கும் காலம் ஏழாண்டு. உயிர் காக்கும் கருவிக்கும் ஏறத்தாழ அதே ஏழாண்டு பிடித்திருக்கிறது!

நாம் கேட்பது சலுகையல்ல. ஒன்று: கருவி ஒரு லட்சத்தோடு நிற்கக்கூடாது, நாட்டில் அதற்கு மேலும் மீன்பிடி படகுகள் உண்டு. சின்ன வள்ளத்தில் போகிறவன் உயிர் மட்டும் சின்ன உயிரா? இரண்டு: ஒரே கருவியை நம்பி இருக்கலாகாது, செயற்கைக்கோள், கரை வயர்லெஸ், படகுக்குப் படகு தொடர்பு என மூன்று இழை வேண்டும். மூன்று: எந்தப் படகு, எத்தனை பேர், எந்தத் திசை என்று புறப்படும்போதே துறைமுகத்தில் பதிவு வேண்டும். புறப்பட்டவர் எத்தனை பேர் என்று தெரியாமல் திரும்பாதவரை எப்படி எண்ணுவது? நான்கு: மூழ்கிய ஒவ்வொரு படகைப் பற்றியும், அது ஏன் மூழ்கியது, கடைசியாக யாருக்குக் குரல் கொடுத்தது என்று விசாரித்து, அறிக்கையை மக்கள்முன் வைக்கவேண்டும்.

கரையோரக் கிளைகளிலுள்ள தோழர்கள் இந்த நான்கையும் சங்கக் கூட்டங்களில் வையுங்கள். லாரி ஓட்டும் தோழரும் ரயிலோட்டும் தோழரும் இது கடற்காரன் பிரச்சினை என்று ஒதுங்கவேண்டாம். வேலைக்குப் போனவன் வீடு திரும்பவேண்டும் என்பது உழைக்கும் வர்க்கம் முழுவதன் கோரிக்கை. வந்தவரைக் காட்டிக் கணக்கு முடிக்க வருகிறவரிடம் நாம் கேட்கவேண்டியது ஒன்றே: வராதவர் எங்கே?