ஈரல் நோயும் இருதயச் சோதனையும்

ஸ்டெதாஸ்கோப்பை 1816-இல் அமைத்த பிரெஞ்சு மருத்துவர் லேனெக்கே, 1819-இல், கல்லீரல் தழும்பேறி இறுகும் பிணிக்குச் ‘சிரோசிஸ்’ என்று பெயருமிட்டார். அப்பிணி இருதயத்தையும் தளர்த்தும் என்பது பிற்காலத்தே புலப்பட்டது.

இந்நோயில் இரத்தக் குழாய்கள் விரிவதால் இருதயத்தின் பளு குறைகிறது. பள்ளத்தில் இறங்கும் வண்டியில் சோனி மாடும் மிடுக்காகவே நடக்கும். மேடு வந்தால்தான் வண்டவாளம் வெளிப்படும். எங்கள் சூரமங்கலத்தில் கண்ட காட்சிதான். இங்கே மேடு என்பது கிருமித் தாக்குதல், அல்லது ஈரல் மாற்று அறுவை.

அவ்வறுவைக்குக் காத்திருந்த என் பழைய மாணாக்கர் ஒருவர், “நெஞ்சில் நோவே இல்லையே ஐயா, இருதயச் சோதனை எதற்கு?” என்று சலித்துக்கொண்டார். நோவில்லாமையே இதன் வஞ்சகம் என்றேன். எக்கோவில், அறையில் நிரம்பிய இரத்தம் பாதிக்குமேல் வெளியேறினாலும் மருத்துவர் நிறைவடையார். தசை நன்கு தளர்ந்து விரிகிறதா, இடது மேலறை பெருத்துள்ளதா என்றும் அளப்பர். ஈ.சி.ஜி.யில் க்யூ-டி இடைவெளி நீண்டுள்ளதா என்றும் நோக்குவர். அவருக்கு விரிவில் குறை தெரிந்தது; அறுவையின்போது நீர் ஏற்றுவதில் மருத்துவர்கள் அளவு காத்தனர்.